ஜிபிஎஸ் லாக் ஆகவில்லையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஒரு நிமிடம் ஆகியும் ஜிபிஎஸ் இடம் காட்டவில்லை என்றால் பலரும் உடனே ஆஃப் செய்து ஆன் செய்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே பாதி முடிந்திருந்த வேலை வீணாகிவிடும்.

அது என்ன வேலை? சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னல், ரிசீவரை எட்டும்போது இரைச்சலுக்கும் கீழே அமுங்கிக் கிடக்கும். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1023 சிப் (குறியீட்டின் ஒரு துண்டுக்குச் சிப் என்று பெயர்) நீளமுள்ள தனிக் குறியீடு உண்டு. மில்லி நொடிக்கு ஒருமுறை அது திரும்ப வரும். ரிசீவர் அதே குறியீட்டைத் தானும் உருவாக்கி, வந்த சிக்னலோடு தள்ளித் தள்ளி வைத்துப் பார்க்கும். செயற்கைக்கோள் நகர்வதால், அதாவது டாப்ளர் விளைவால், அதிர்வெண்ணும் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸ் வரை மேலோ கீழோ விலகியிருக்கும். குறியீடு, அதிர்வெண் இரண்டும் ஒருசேரப் பொருந்தும் இடத்தில், இரைச்சலுக்கு நடுவே ஒரு முகடு எழும். அதைத் திரையில் முதல்முறை பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியே தனி.

சொந்தமாக ரிசீவர் மென்பொருள் எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். டாப்ளருக்கு மட்டும் இடம் விட்டுத் தேடுவார்கள். ரிசீவருக்கு அதிர்வெண்ணைத் தரும் தங்கள் கிரிஸ்டலின் பிழையை மறந்துவிடுவார்கள். ஜிபிஎஸ் சிக்னல் வரும் 1575.42 மெகாஹெர்ட்ஸில், பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையே 1575 ஹெர்ட்ஸ். மலிவான கிரிஸ்டலில் 20 பங்கு பிழை இருந்தால் 31 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். சிக்னல் இருக்கும், தேடும் இடத்தில் இருக்காது.

சரி, முகடு கிடைத்துவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. நகர்ந்துகொண்டே இருக்கும் சிக்னலை விடாமல் பின்தொடர வேண்டும். அப்புறம் அதிலிருந்து சுற்றுப்பாதைத் தகவலைப் படிக்க வேண்டும். நொடிக்கு 50 பிட் வேகத்தில், 30 நொடிக்கு ஒருமுறை அந்தத் தகவல் வரும். மரத்தடியில் நடந்தாலோ கட்டடங்களுக்கு நடுவே வண்டியில் போனாலோ இடையில் சில பிட்கள் தவறும். விட்டுப்போன பகுதிக்காக அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். அதனால் நெடுநேரம் அணைந்திருந்த கருவியை வானம் தெரியும் இடத்தில் அசையாமல் வைத்துத் தொடங்குங்கள். ஆப்பில் பத்துச் செயற்கைக்கோள்கள் தெரிந்தாலும், நான்கிலிருந்தாவது இந்தத் தகவல் முழுதாக வந்தால்தான் இடம் கிடைக்கும்.

படித்த தகவல் சுமார் நான்கு மணி நேரம் செல்லும். ஜிபிஎஸ் மாட்யூலில் அதைக் காத்து வைக்கும் பேக்கப் பேட்டரியை இணைக்காமல் விட்டால், ஒவ்வொரு முறையும் எல்லாமே முதலிலிருந்துதான்.