அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அரசியல் செய்தியைப் பார்ப்பது எப்படி

சோஷியல் செக்யூரிட்டி எண் எங்கே வாங்குவது, எந்த வங்கியில் கணக்கு தொடங்குவது, இட்லி மாவு எந்தக் கடையில் புளிக்காமல் கிடைக்கும் என்று சொல்லித்தர இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அரசியலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நமக்கு ஓட்டே கிடையாது, எதுக்கு வம்பு?" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். என்னைக் கேட்டால் அது தவறான அறிவுரை. உங்கள் விசா, இங்கே பிறக்கப்போகும் பிள்ளையின் குடியுரிமை, பள்ளிக்கூடத்தின் தரம், வீடு வாங்கினால் கட்டவேண்டிய சொத்து வரி என எல்லாமே யாரோ ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவு செய்கிற விஷயங்கள். ஓட்டு இல்லாதவர்தான் இதையெல்லாம் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் வாழ்கிறேன், குடியுரிமை வாங்கியவன், லிபரல், பெரும்பாலும் டெமாக்ரட் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவன். இனி வருவதை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டே படியுங்கள். (ஒரு சின்னக் குறிப்பு: தேர்தல் வரைபடத்தில் சிவப்பு என்றால் ரிபப்ளிகன், நீலம் என்றால் டெமாக்ரட். நம் ஊர்ச் சிவப்பை நினைத்துக்கொண்டு டெக்ஸாஸைப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள்.)

டிவி

சன் டிவி யாருடையது, ஜெயா டிவி யாருடையது என்று தெரிந்துகொண்டே செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரே பொதுக்கூட்டத்துக்கு ஒரு சேனலில் கடல் போல் கூட்டம் இருக்கும், இன்னொன்றில் காலி நாற்காலிகள் இருக்கும். இரண்டையும் பார்த்து நாமே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வோம். அந்தப் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இங்கே சேனல்கள் கட்சிக்குச் சொந்தமில்லை. நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும். அதனாலேயே ஏமாறுவது சுலபம்.

சி.என்.என். 1980இல் வந்தது. ஃபாக்ஸ் நியூஸும் எம்.எஸ்.என்.பி.சி.யும் 1996இல் வந்தன. பின்னது 2025 நவம்பரிலிருந்து எம்.எஸ். நவ் என்ற பெயரில் ஓடுகிறது. இவற்றில் பகலில் வருவதில் ஓரளவு செய்தி உண்டு. மாலையில், ஆட்கள் வேலை முடிந்து சோபாவில் சாயும் நேரத்தில் வருவது பெரும்பாலும் கருத்து. மேசை, பின்னால் ஓடும் படங்கள், கீழே நகரும் எழுத்து எல்லாம் செய்தி மாதிரியே இருக்கும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் நிருபர் இல்லை. நம் ஊர்ப் பட்டிமன்றப் பேச்சாளர் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்கிறார்.

என்னைப் போன்ற லிபரல்கள் இந்தச் சீரழிவுக்கு ஒரு காரணம் சொல்வோம். ஒளிபரப்பு உரிமம் பெற்றவர்கள் சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தரவேண்டும் என்று ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.சி.சி. 1949இல் கொண்டுவந்த விதியை 1987இல், ரீகன் காலத்தில் எடுத்துவிட்டார்கள், அன்றோடு எல்லாம் கெட்டது என்போம். பாதிதான் சரி. அந்த விதி அலைவரிசையில் வரும் வானொலிக்கும் டிவிக்கும் இருந்ததே தவிர கேபிளுக்கு இல்லை; அது நீடித்திருந்தாலும் ஃபாக்ஸ் வந்திருக்கும். விதி போன மறு வருடமே, 1988இல், வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்க வானொலியில் ஒலிக்கத் தொடங்கியது. நாள் முழுக்க ஒரே பக்கம் பேசினாலும் காசு கொட்டும் என்று அவர் காட்டிய பிறகுதான் கேபிள்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் காசுக்கு என்ன விலை என்பது ஒருமுறை நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2020 தேர்தலில் ஓட்டு இயந்திரங்கள் திருடின என்ற கதையை ஃபாக்ஸ் பரப்பியது. இயந்திர நிறுவனமான டொமினியன் வழக்குப் போட்டபோது, தாங்களே நம்பாத கதைக்குத்தான் தங்கள் நிகழ்ச்சிகளில் இடம் கொடுத்தார்கள் என்பது தொகுப்பாளர்களும் மேலதிகாரிகளும் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நேயர்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். உங்கள் அலுவலகத்தில் நல்ல மனிதர் ஒருவர் இன்னமும் அந்தக் கதையை நம்பிக்கொண்டிருப்பார். அவரோடு சண்டை போடாதீர்கள். ஆனால் "இரண்டு பக்கமும் ஏதோ சொல்கிறார்கள்" என்று தலையாட்டவும் வேண்டாம். இந்த நாட்டு ஊடகத்தில் எனக்குப் பெரிய குறையே அதுதான். பொய்யையும் மெய்யையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பக்கம் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. பைடனின் வயதைப் பற்றிக் கேள்வி கேட்டவர்களை லிபரல் சேனல்களின் குழுப்பேச்சாளர்கள் பலர் வலதுசாரிப் பிரசாரகர்கள் என்று மாதக்கணக்கில் தள்ளிவைத்தார்கள். 2024 ஜூன் 27 விவாத மேடையில் அவர் தடுமாறியதை நாடே பார்த்தது. அடுத்த மாதம் 21ஆம் தேதி அவர் போட்டியிலிருந்து விலகினார். அந்தப் பேச்சாளர்கள் மட்டும் அதே நாற்காலிகளில்தான் இருக்கிறார்கள்.

எழுத்து

டிவியை விட எழுத்து நல்லது. ஒரே பத்திரிகைக்குள்ளும் இரண்டு வீடு உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் செய்திப் பக்கங்களை நான் நம்பிப் படிக்கிறேன். அதன் தலையங்கப் பக்கம் எனக்கு ரத்தக்கொதிப்பு. உரிமையாளர் யார் என்றும் பாருங்கள். 2024 தேர்தலுக்குச் சில நாள் முன்பு, எந்த அதிபர் வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்று வாஷிங்டன் போஸ்ட் அறிவித்தது. அந்த முடிவு உரிமையாளர் ஜெஃப் பெஸோஸுடையது. இரண்டு லட்சத்துக்கும் மேலான வாசகர்கள் சந்தாவை ரத்து செய்தார்கள்.

சந்தாவுக்குக் காசு செலவழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முகவரி உறுதியானதும் உங்கள் ஊர் நூலகத்தில் அட்டை வாங்குங்கள். பல நூலகங்கள் அட்டைதாரர்களுக்கு நியூயார்க் டைம்ஸை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடுகின்றன. நடந்தது என்ன என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் அசோசியேட்டட் பிரஸ், ராய்ட்டர்ஸ். இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் யார் என்ன பேசினார்கள் என்று இடைத்தரகர் இல்லாமல் பார்க்க சி-ஸ்பான் இருக்கிறது. 1979 முதல் நடப்பதை அப்படியே காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். தூக்கம் வரும். ஆனால் யாரும் உங்களை உசுப்பேற்ற மாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. எச்-1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அருகில் நின்ற வர்த்தகத்துறைச் செயலர் லுட்னிக், அது வருடாவருடம் கட்ட வேண்டியது என்ற பொருளில் பேசினார். ஞாயிறு பிறக்கும் நள்ளிரவோடு அமல். சில பெரிய நிறுவனங்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்கள் உடனே திரும்ப வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பின. வாட்ஸ்அப் குழுக்கள் பற்றி எரிந்தன. அக்கா கல்யாணத்துக்குப் போனவர்கள் பந்தியில் உட்காராமல் டிக்கெட் தேடினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் புறப்படத் தயாராக நின்ற விமானத்திலிருந்து சிலர் இறங்கிவிட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை வெள்ளை மாளிகை விளக்கம் சொன்னது: ஒரே ஒரு முறைதான், புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை.

பயந்தவர்களைக் கேலி செய்ய மாட்டேன். ஆணையின் வாசகமே தெளிவில்லாமல் எழுதப்பட்டிருந்தது. வார இறுதியில், ஒன்றரை நாள் அவகாசத்தில், பல லட்சம் குடும்பங்களைத் தொடும் ஆணையை இப்படிப் போடுவது நிர்வாகம் இல்லை, அலட்சியம். ஆனால் இதுபோல் இன்னொரு வெள்ளிக்கிழமை வரும். அன்று வாட்ஸ்அப்பையும் யூடியூப் தம்பிகளையும் மூடிவிட்டு ஆணையின் மூலத்தை வெள்ளை மாளிகைத் தளத்தில் படியுங்கள். பிறகு குடியேற்ற விண்ணப்பங்களைக் கவனிக்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். தன் தளத்தில் என்ன குறிப்புப் போடுகிறது என்று பாருங்கள். டிக்கெட் போடுவதற்கு முன் கம்பெனி வக்கீலுக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"டிரம்ப் ரத்து செய்தார்" என்று தலைப்பு வந்தால், எதை வைத்து என்று கேட்கப் பழகவேண்டும். அதிபரின் ஆணை ஒன்று, காங்கிரஸ் போடும் சட்டம் வேறு. இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தில் இருக்கிறது. 1898இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளே, டிரம்ப் போட்ட ஆணை எச்-1பி பெற்றோரின் பிள்ளைகளையும் அதிலிருந்து விலக்கப் பார்த்தது. நடைமுறைக்கு வருமுன்பே நீதிமன்றங்கள் அதை நிறுத்திவைத்தன. தலைப்பு ஒரு நாளில் வந்தது. வழக்கு மாதக்கணக்கில் ஓடியது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் கிரீன் கார்டு வரிசை. வருடாந்தரக் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம்தான் என்ற வரம்பு சட்டத்தில் இருக்கிறது. அதை எந்த அதிபரும் கையெழுத்தால் மாற்ற முடியாது. 2019 ஜூலையில் அதைத் தளர்த்தும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. செனட்டில் முதலில் முட்டுக்கட்டை போட்டவர்களில் எங்கள் கட்சியின் டிக் டர்பினும் ஒருவர். 2020 டிசம்பரில் செனட் ஒரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்துவிட்டது. இது எந்த மாலை நிகழ்ச்சியிலும் பெரிய செய்தியாக வரவில்லை. வரிசையில் நிற்பவர்கள் இன்னும் நிற்கிறார்கள்.

செய்யக்கூடாதவை

ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும்போது திரையில் வாக்காளர் பதிவு பற்றி ஒரு கேள்வி வரும். நியூஜெர்சியில் வேண்டாம் என்று சொன்னால் ஒழியப் பதிவு தானாக நடக்கிற ஏற்பாடு 2018 முதல் உண்டு. குடிமகனா என்ற கேள்விக்குத் தவறிக்கூட "ஆம்" போடாதீர்கள், பதிவு வேண்டாம் என்று சொல்லுங்கள், தாளில் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை படியுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் அவசரப்படுத்தினாலும் படியுங்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால் கிரீன் கார்டே கிடைக்காமல் போகலாம். பல வருடம் கழித்துக் குடியுரிமைப் படிவத்திலும் இந்தக் கேள்வி வரும்.

கிரீன் கார்டு வரும்வரை எந்த வேட்பாளருக்கும் ஐந்து டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கைபேசிக்கு உருகி உருகிச் செய்தி வரும், அழித்துவிடுங்கள். சம்பளம் வாங்காமல் தொண்டராகக் கதவு தட்டுவதற்குத் தடை இல்லை.

சமூக ஊடகத்தைப் பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. பேச்சுரிமை இந்த நாட்டின் பெருமை. குடிமகன் இல்லாதவருக்கும் அது உண்டு என்றுதான் நான் நம்பி வந்தேன். 2025 மார்ச்சில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஒருவரை முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் பிடித்துச் சென்றார்கள். அவருக்கு எதிராகப் பொதுவில் காட்டப்பட்டது மாணவர் இதழில் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை. ஆறு வாரம் கழித்து நீதிபதி விடுவித்தார். மாணவர் விசாவுக்கு 2025 ஜூன் முதலும், எச்-1பிக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4க்கும் டிசம்பர் 15 முதலும், விண்ணப்பிப்பவர்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்கச் சொல்கிறார்கள். வாயை மூடிக்கொள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசா முத்திரைக்காக ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால், எழுதுவதற்கு முன் அதையும் கணக்கில் வையுங்கள்.

உள்ளூர்

நியூயார்க்கிலிருந்து வரும் பாத் ரயிலில் ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்கொயரில் இறங்கி நியூஆர்க் அவென்யூவில் காய்கறி வாங்கப் போவீர்கள். அந்தச் சதுக்கத்துக்குப் பெயர் தந்த ஜெர்சி ஜர்னல் நாளிதழ் 1867இல் தொடங்கி 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதே வாரம் ஸ்டார்-லெட்ஜர் நாளிதழும் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. டிவிச் செய்தியோ பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்தோ ஃபிலடெல்ஃபியாவிலிருந்தோ வருகிறது. அதனால் டிரம்ப் நேற்று என்ன பதிவு போட்டார் என்று தெரிந்த என் அண்டை வீட்டாருக்கு நகராட்சி மன்றத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

அது யாருக்கு வசதி என்று யோசியுங்கள். எங்கள் கட்சி கோலோச்சும் மாநிலம் இது. செனட்டராக இருந்த பாப் மெனெண்டஸ் வீட்டில் ஜாக்கெட் பைகளில் திணித்த பணமும் தங்கக் கட்டிகளும் கிடைத்தன. 2024இல் 16 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி, 11 வருடம் சிறை. அவருக்கு 2017இலேயே ஒரு ஊழல் வழக்கு நடந்து முடிவில்லாமல் போயிருந்தது. மறு வருடமே கட்சி அவரைத் திரும்ப நிறுத்தியது, நாங்களும் ஜெயிக்க வைத்தோம். மாவட்டக் கட்சித் தலைவர்கள் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலின் வாக்குச்சீட்டில் தங்கள் ஆட்களுக்கு நல்ல இடம் ஒதுக்கும் வழக்கத்தை எதிர்த்து, செனட்டுக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் நீதிமன்றம் போனபிறகுதான் அது 2024இல் ஆட்டம் கண்டது. ஒரு கட்சியே நிரந்தரமாக ஆளும் ஊரில் நிருபர் இல்லாவிட்டால் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது.

ஆகவே வாரத்தில் ஒரு மாலை கேபிளை அணைத்துவிட்டு உங்கள் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். சொத்து வரியில் பெரும் பங்கு எங்கே போகிறது என்று அங்கே புரியும். வாடகை வீட்டில் இருந்தாலும் அந்த வரி உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. நியூஜெர்சிச் சட்டப்படி கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே அறிவிப்புப் போடவேண்டும், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கவேண்டும். நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் வாரியத்தின் தளத்தில் இருக்கும். பேச விரும்பினால் பெயரைச் சொல்லிவிட்டுச் சில நிமிடம் பேசலாம், விசா என்ன என்று யாரும் கேட்பதில்லை. பேருந்து நேரம், மதிய உணவில் சைவம், கணக்கு வகுப்பில் இடம் என்று எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.