கூலர் லொறிக்கு டிஃப்லெக்டர் பூட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மீன்சந்தைக்குப் போகும் கூலர் லொறிகளில், கபினுக்கு மேலே எழுந்து நிற்கும் பெட்டியின் தட்டையான முகப்புத்தான் காற்றை நேராக வாங்குகிறது. அந்தக் காற்றைப் பெட்டியின் மேல்விளிம்புக்கு மேலாக ஏற்றிவிடுவதே, கபின் கூரையில் சரிவாகப் பூட்டும் தகடான டிஃப்லெக்டரின் வேலை. ஆகவே, பெட்டியின் உயரத்தையும் கபினுக்கும் பெட்டிக்கும் இடையிலான இடைவெளியையும் அளக்காமல், கடையில் கிடைத்ததை வாங்கிப் பூட்டுவது முதலாவது தவறு. தகடு அதிகம் படுத்திருந்தால் காற்று முகப்பிலேயே மோதும். அளவுக்கு மேல் நிமிர்ந்தால் தகடே புதிய தடையாகிவிடும். இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கந்தளாய், ஹபரணைப் பக்கம் இரவில் ஓடிய லொறியின் பெட்டி முகப்பை விடிந்ததும் பார்த்தால், நசுங்கி ஒட்டியிருக்கும் பூச்சிகளே காற்று மோதும் இடத்தைக் காட்டிவிடும். மேல்விளிம்புக்குக் கீழே அவை பட்டையாக அப்பியிருந்தால் தகட்டை இன்னும் சற்று நிமிர்த்த வேண்டும்.

கூலர் லொறியில் இதைவிடப் பெரிய தவறொன்றும் நேரலாம். குளிரூட்டியின் வெப்பத்தை வெளியே விடும் கொண்டென்சர் பெட்டி முகப்பிலேயே அமைந்த வண்டியில், அதை மறைக்கும்படி தகட்டைப் பூட்டினால், வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்பிரசர் கூடுதல் நேரம் ஓடும். காற்றுத்தடையைக் குறைத்து மிச்சம் பிடித்த டீசல் அங்கே கரைந்துவிடும், மீனுக்கும் நல்லதல்ல. அத்தகைய வண்டிக்குத் தகட்டைத் தேடி அலைவதைவிட, புதிய பெட்டி கட்டும்போது முன்விளிம்புகளை வளைத்துக் கட்டச் சொல்வதே மேல் என்பது என் கருத்து.

திறந்த தட்டு லொறி வெறுமையாக ஓடும்போது தகடு தடையைக் கூட்டவே செய்யும். நகருக்குள் கடை கடையாக நின்று இறக்கும் வண்டிக்கும் அதனால் பெரிய பயனில்லை. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், மணிக்கு 40 கிலோமீற்றரில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு தடை 80 கிலோமீற்றரில் இருக்கும். மெதுவாக ஓடும் வண்டிக்கு ரயரில் காற்றைச் சரியாக வைத்திருப்பதே அதிகம் உதவும்.

உப்புக்காற்றில் சாதாரண போல்ட் விரைவில் கறள் பிடிக்கும் என்பதால், கறள் பிடிக்காத போல்ட்டும் ரப்பர் வாசரும் போடுவது அவசியம்.

ஒரு வழிப் பயணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பதும் தவறுதான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஹபரணை நோக்கிப் போகும் வண்டிக்கு எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். ஆகையால், ஒரே நிலையத்தில் தாங்கியை நிரப்பிப் புறப்பட்டு, போய்வந்து மீண்டும் அங்கேயே நிரப்பி, ஏறக்குறைய ஒரே பாரத்தில், தகட்டுடனும் தகடின்றியும் பலமுறை பார்த்த பின்னரே லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று ஒப்பிட வேண்டும்.