தோட்டக் கொட்டகைக்கு மண்ணுக்கடியில் நெட்வொர்க் கேபிள்

நேரடியாகப் புதைப்பதற்கென்றே செய்த கேபிள் கிடைக்கிறது. ஆனால் அது பழுதானால் தோட்டத்தை மறுபடி கொத்த வேண்டும். குழாய் பதிப்பது, பின்னாளில் பழைய கேபிளை உருவிவிட்டுப் புதியதை இழுக்க. அப்படி உருவ முடியாத குழாயைப் பதித்துப் பயனில்லை.

எனவே 50 மி.மீ. குழாயாகவே வாங்குங்கள். இரண்டு கேபிள் 20 மி.மீ. குழாயிலும் நுழையும், ஆனால் முனையில் பிளக் மாட்டி வந்த கேபிள் முதல் வளைவிலேயே சிக்கிக்கொள்ளும். திருப்பங்களில் சட்டென மடங்கும் சாதாரண எல்போ கூடாது, மெல்ல வளையும் நீள பெண்டு போடுங்கள். இரண்டு 90 டிகிரி வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் மூடியுள்ள ஒரு தொட்டி வைத்து, இழுப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அறுத்த குழாயின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். ஒட்டும் பசையைக் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் தடவுங்கள். குழாய் நுழையும் சாக்கெட்டுக்குள் அள்ளிப் பூசினால் உள்ளே திரண்டு, காய்ந்த பிறகு கேபிள் உறையைக் கிழிக்கும்.

தோண்டுவதற்கு முன் தண்ணீர், எரிவாயு, மின் இணைப்புகள் எங்கே ஓடுகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். புல்தரைக்கு 450 மி.மீ. ஆழம், வண்டி ஏறும் இடத்தில் 600. மின்கேபிளும் அதே பள்ளத்தில் போகிறதென்றால் அதற்குத் தனிக் குழாய். இரண்டுக்கும் நடுவே 300 மி.மீ. இடைவெளி. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

அடியில் கல் பொறுக்கி, 50 மி.மீ. மணல் பரப்பி, குழாயை ஒரு பக்கம் லேசாகச் சரியும்படி வையுங்கள். மேலே 75 மி.மீ. மணல், பிறகு தோண்டிய மண். பாதி நிரம்பியதும் எச்சரிக்கை நாடாவை விரியுங்கள். நாளைக்கு மண்வெட்டி முதலில் தொடுவது அதுவாக இருக்க வேண்டும்.

மண்ணைத் தள்ளுவதற்கு முன்பே இழுகயிற்றைக் கோத்துவிடுங்கள். சின்ன பிளாஸ்டிக் பையில் மெல்லிய நூலைக் கட்டி ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்தால் நூல் வந்துவிடும். அதைக் கொண்டு தடித்த நைலான் கயிற்றை இழுங்கள். அதில் ஒரு கந்தலைக் கட்டி இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்கினாலும், பள்ளம் திறந்திருக்கும்போதே சரிசெய்துவிடலாம்.

குழாய் உலர்ந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். மூட்டுகள் கச்சிதமாக இருந்தாலும் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகும். வீட்டுக்குள் போடும் கேபிளின் பிவிசி உறை அதில் ஊறி, மெல்ல மெல்லத் தொடர்பு கெடும். பாலிஎத்திலீன் உறையும் உள்ளே ஜெல்லும் உள்ள வெளிப்புறக் கேபிளைப் போடுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது வேண்டாம், முழுச் செம்பாக இருக்கட்டும்.

செம்புக் கேபிளா, கண்ணாடி இழையாலான ஃபைபரா? கொட்டகைக்குத் தனி எர்த் இருந்தாலோ, இடி மின்னல் அதிகமுள்ள இடமென்றாலோ ஃபைபரே மேல். இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு வந்தாலும், அருகில் மின்னல் விழுந்தாலும், கண்ணாடி இழை அதைக் கடத்தாது. கேமராவுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்க வேண்டுமானால் செம்புதான்; அப்போது இரு முனையிலும், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடக்டர் வையுங்கள். செம்பின் எல்லை 100 மீட்டர், இரு முனையிலும் கருவியோடு இணைக்கும் சின்ன பேட்ச் கேபிளையும் சேர்த்து.

இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெடுக்கென்று இழுக்காமல் சீராக இழுக்க, மற்றவர் முறுக்கில்லாமல் ஊட்டித் தர வேண்டும். நான்கு ஜோடிச் செம்புக் கேபிள் தாங்குவது 110 நியூட்டன், அதாவது சுமார் 11 கிலோ எடை தொங்கும் இழுப்பு. அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் கம்பி ஜோடிகளின் முறுக்கு நீண்டு வேகம் குறையும். வழுக்க வைப்பதற்குக் கேபிளுக்கென்றே உள்ள ஜெல் போதும். பாத்திரம் கழுவும் சோப்பு காய்ந்ததும் கேபிளைக் குழாயோடு ஒட்டவைத்துவிடும். கேபிளோடு ஒரு புதுக் கயிற்றையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவிடுங்கள்.

சுவரில் துளையிடும்போது வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கட்டும், மழைநீர் உள்ளே வழியாது. குழாயின் இரு வாயையும் பிசைந்து அடைக்கும் புட்டியால் மூடுங்கள். விரியும் நுரையைச் சுவர்த் துளையைச் சுற்றி மட்டும் அடிக்கலாம். குழாய்க்குள் அடித்தால், அடுத்த கேபிளுக்கு வழி அத்தோடு போயிற்று.