கம்பைலரின் வாயை அடைப்பவர்கள் செய்யும் தவறுகள்

டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் தலைக்குந்தாப் பக்கத்துக் காரட் தோட்டத்தில் நிறுத்திய உறைபனி எச்சரிக்கைக் கருவி நடுநிசியில் நின்றுபோனால், காட்டெருமை நடமாடும் அந்த வழியில் விடியும் முன் எவரும் போய்ப் பார்க்க இயலாது. அத்தகைய கருவிக்கு நிரல் எழுதிய ஊட்டி மாணவர்கள் சிலருக்கு உதவியபோது, நினைவகப் பிழைகளைக் கம்பைல் நேரத்திலேயே, அதாவது நிரலைக் கம்பைலர் கணினி மொழிக்கு மாற்றும்போதே, பிடிக்கும் ரஸ்ட் மொழியைத் தேர்ந்துகொண்ட அவர்களே பிறகு அந்தக் காவலைத் தளர்த்துவதைப் பலமுறை கண்டேன்.

அம்மொழியில் ஒவ்வொரு தரவுக்கும் உரிமையாளர், அதாவது அதை வைத்திருக்கும் மாறி, ஒருவரே. படிப்பதற்கு எத்தனை பேருக்கும் இரவல் தரலாம். மாற்றுவதற்கு இரவல் தந்தால், அது திரும்பும் வரை வேறு எவரும் அத்தரவைத் தொட முடியாது. இவ்விதியை மீறும் நிரலைக் கம்பைலர் ஏற்காது. உடனே ‘குளோன்’ போட்டு நகல் எடுப்பது முதல் தவறு. சில இடங்களில் நகல் சரியே. ஆனால் நகலில் எழுதியது மூலத்தைச் சேராது என்பதை மறந்தவர்கள், அளவீட்டுப் பட்டியல் ஏன் காலியாகவே இருக்கிறது என்று அரைநாள் தேடினார்கள்.

அதைவிட நயமாக ஏமாற்றுவது, தரவைச் சுற்றிப் போடும் ‘ரெஃப்செல்’ என்ற உறை. அது விதியை நீக்குவதில்லை. சோதனையை நிரல் ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போடுகிறது. பட்டியலைப் படித்து அனுப்பிக்கொண்டிருக்கும் செயற்கூறு, இடையில் அதே பட்டியலில் எழுதும் இன்னொரு செயற்கூறை அழைத்தால், பகலில் மேசையிலேயே தெரிந்திருக்க வேண்டிய பிழை, நள்ளிரவில் பள்ளத்துத் தோட்டத்தில் ‘பேனிக்’ ஆகி நிரலை நிறுத்தும். பெரும்பாலும் இரவலின் ஆயுளைச் சுருக்கினாலே போதும்: தேவையான மதிப்பை முதலில் எடுத்துக்கொண்டு, இரவலை முடித்துவிட்டு, பிறகு எழுத அழைக்கலாம்.

நிரலின் ஒரு பகுதியை ‘அன்சேஃப்’ என்று குறித்தால் எல்லாச் சோதனைகளும் அணைந்துவிடும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இரவல் விதிகள் அதனுள்ளும் செல்லுபடியாகும். கம்பைலர் சரிபார்க்காத நினைவக முகவரியான வெறும் சுட்டியின் வழியே நினைவகத்தை அணுகுவது முதலான ஐந்து கூடுதல் அனுமதிகள் மட்டுமே கிடைக்கின்றன, அவற்றின் பொறுப்பு எழுதுபவரையே சேர்கிறது. வன்பொருளின் சைகை வந்ததும் இடைமறித்து ஓடும் குறுக்கீட்டுச் செயற்கூறும் முதன்மை நிரலும் பகிரும் ஓர் எண்ணை, அன்சேஃபுக்குள் மட்டுமே தொடக்கூடிய பொது மாறியான ‘ஸ்டாட்டிக் மியூட்’ ஆக வைப்பதே நான் அதிகம் கண்டது. படிப்பதும் எழுதுவதும் இடையில் அறுபடாத ‘அட்டாமிக்’ வகை இருக்கையில் அங்கே அன்சேஃபுக்கு வேலையே இல்லை.

கம்பைல் ஆகிவிட்டால் நிரல் சரி என்று நம்புவதும் தவறு. எத்தனை சுட்டிகள் தரவைப் பிடித்திருக்கின்றன என்று எண்ணி, எதுவும் இல்லாதபோது நினைவகத்தை விடுவிப்பவை ‘ஆர்சி’ சுட்டிகள்; அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் நினைவகம் விடுபடாமல் கசியலாம். அதை மொழி குற்றமாகவே கருதுவதில்லை. எங்கள் குளிருக்கு ஏற்ற உதாரணம் ஒன்று உண்டு: முழுஎண் மாறியில் உள்ள −2 டிகிரியை, 0 முதல் 255 வரை மட்டுமே கொள்ளும் வகைக்கு ‘ஆஸ் யூ8’ என்று மாற்றினால் 254 ஆகிறது. நினைவகத்துக்குத் தீங்கில்லை, கம்பைலரும் தடுப்பதில்லை, உறைபனி இரவில் எச்சரிக்கை மட்டும் ஒலிக்காது. மதிப்பு பொருந்துமா என்று பார்த்து மாற்றும் ‘ட்ரை ஃப்ரம்’ கொண்டு மாற்றியிருந்தால் பிழை கைக்கு வந்திருக்கும். குறியுள்ள எண்ணாகவே வைத்திருந்தால் மாற்றவே தேவைப்பட்டிருக்காது.