பி.டி.யூ. நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர்களை அடுக்கும் ரேக்கில், அவற்றுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் அவுட்லெட் பட்டைதான் பி.டி.யூ. நெட்வொர்க் வழியே கட்டுப்படுத்தும் பி.டி.யூ.வைப் பொருத்தும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடமே ஒப்படைக்கப்படுகிறது. நான்கு திருகுகளை முடுக்கி, ஒரு பிளக்கைச் செருகி, நெட்வொர்க் கேபிளை மாட்டினால் வேலை முடிந்தது என்ற எண்ணமே அதற்குக் காரணம். அணிகள் மாறினாலும் தவறுகள் மாறாமல் இருப்பதைப் பார்த்துச் சலித்ததால் இதை எழுதுகிறேன். மின்னழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும், சுவர்ப்பக்கச் சர்க்யூட்டை உரிமம் பெற்ற மின்பணியாளரே அமைக்க வேண்டும் என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எர்த்தைக் கடைசிக்குத் தள்ளுவது

ஒவ்வொரு சர்வர் பவர் சப்ளையின் வடிகட்டியும் மிகச் சிறிய அளவு மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும். தனித்தனியாகப் பார்த்தால் அது பொருட்டே அல்ல. ஆனால் இருபது, முப்பது சப்ளைகளின் கசிவு ஒரே பி.டி.யூ.வின் எர்த் கம்பியில் சேரும்போது, அந்தக் கம்பி எங்காவது அறுந்திருந்தால், ரேக்கின் உலோகச் சட்டத்தைத் தொடுபவருக்கு அது உயிராபத்தாக முடியலாம். எனவே இணைக்கும்போது எர்த்தை முதலிலும், கழற்றும்போது கடைசியிலும் கையாள வேண்டும். பி.டி.யூ.வின் உடலை ரேக்குடன் பிணைக்கும் திருகு பெயிண்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் அது பிணைப்பே இல்லை. பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டோ பல்வைத்த வாஷரைப் போட்டோ முடுக்கி, மல்டிமீட்டரில் தொடர்ச்சியைச் சோதித்துவிடுங்கள்.

இரண்டு பி.டி.யூ.விலும் இடம் இருக்கிறது என்று நம்புவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

இரண்டு பவர் சப்ளை கொண்ட சர்வரை, ஏ, பி என்ற இரண்டு தனித்தனி மின்வழிகளில், வழிக்கு ஒரு பி.டி.யூ. வீதம், ஏ வழியில் ஒன்றும் பி வழியில் ஒன்றுமாக இணைக்கிறோம். வழக்கமான நாள்களில் சுமை ஏறக்குறையப் பாதிப்பாதியாகப் பிரிந்துகொள்ளும். ஒரு வழி அறுந்தால் முழுச் சுமையும் அந்தக் கணமே மறு வழியின் தலையில் விழும். ஆகவே ஒரு பி.டி.யூ.வின் திரையில் தெரியும் ஆம்பியரை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. 32 ஆம்பியர் பி.டி.யூ. இரண்டிலும் 20 என்று காட்டினால், இன்னும் 12 மிச்சமிருக்கிறது, சர்வர்களைத் தாராளமாக ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் அந்த ரேக்கில் ஏற்கெனவே 8 ஆம்பியர் அதிகமாக ஏற்றப்பட்டிருக்கிறது. சில சர்வர்களில் ஒரு சப்ளையைக் காத்திருப்பு நிலையில் வைக்கும் அமைப்பு உண்டு. அங்கே பாதிப்பாதி என்ற ஊகமும் பொய்த்துவிடும் என்பதால், ஏ, பி இரண்டையும் கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கூட்டிப் பார்ப்பவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நான் பார்த்த ஒரு ரேக்கில் ஏ-யில் 14, பி-யில் 14 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டினால் 28, 32-க்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த 32 ஆம்பியர் பி.டி.யூ.வுக்குள் 16 ஆம்பியர் பிரேக்கர் (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிப்பது) கொண்ட இரண்டு பிரிவுகள் இருந்தன. பவர் கேபிள்கள் குட்டையாக இருந்ததால், எல்லாவற்றையும் கைக்கு எட்டிய மேல்பாதி அவுட்லெட்டுகளிலேயே செருகியிருந்தார்கள். இரு பக்கத்திலும் முதல் பிரிவில் 10, இரண்டாம் பிரிவில் 4 என்று சுமை சாய்ந்திருந்தது. யு.பி.எஸ். பராமரிப்புக்காக ஏ வழியை நிறுத்தியதும் பி-யின் முதல் பிரிவு 20 ஆம்பியருக்கு ஏறியது. சில நிமிடங்கள் காத்திருந்தார்கள், எதுவும் ஆகவில்லை. சோதனையில் தேறிவிட்டது என்று எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். பராமரிப்புக்காக யு.பி.எஸ்.ஸைப் பாதி பிரித்துப் போட்டிருந்த நேரத்தில் பிரேக்கர் விழுந்தது. ஏ வழியை உடனே திருப்பித் தரவும் முடியாத நிலை.

அது ஏன் உடனே விழவில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பொதுப் பயன்பாட்டுப் பிரேக்கர்களுக்கான ஐ.இ.சி. 60898 என்ற சர்வதேசத் தரத்தின்படி, குறித்த அளவின் 1.13 மடங்கில் பிரேக்கர் ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். (63 ஆம்பியர் வரையிலான பிரேக்கர்களுக்கான கணக்கு இது.) 16-க்கு 20 என்பது 1.25 மடங்கு; அதாவது விழலாம், விழாமலும் போகலாம் என்ற இடைவெளிக்குள் நிற்கிறது. அந்தச் சோதனையும் 30 டிகிரி வெப்பநிலையை வைத்துச் செய்யப்படுவது. ரேக்கின் பின்புறத்தில் சர்வர்கள் கக்கும் சூட்டில் வெப்பத்தால் இயங்கும் பிரேக்கர் இன்னும் சீக்கிரம் விழும். பி.டி.யூ.வுக்குள் இருப்பது வேறு வகைப் பிரேக்கராகவும் இருக்கலாம் என்பதால், தயாரிப்பாளர் தரும் வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. எப்படியிருந்தாலும் ஐந்து நிமிடச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. ஒரு வழியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும். அதையும் சர்வர்களில் உண்மையான வேலை ஏறும் முன்பே செய்துவிட வேண்டும்.

அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்.இ.சி., மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் சுமையைப் பொதுவாகப் பிரேக்கர் அளவின் 80 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. அந்த விதி செல்லாத இடங்களிலும் அதைக் கைக்கொள்வதில் நட்டமில்லை. 16 ஆம்பியர் பிரிவுக்கு 12.8, இரு வழி அமைப்பில் ஒரு பக்கத்துக்கு 6.4. எச்சரிக்கை அளவை இந்த எண்ணுக்குக் கீழே வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த அளவை அப்படியே விட்டுவிட்டால், அது பிரிவின் முழுத் திறனை வைத்துக் கணக்கிடப்பட்டிருக்கும். சுமை இந்த எண்ணின் இருமடங்கை நெருங்கிவிட்ட பிறகும் எச்சரிக்கை மின்னஞ்சல் வராது. மேலே சொன்ன ரேக்கில் எச்சரிக்கைகள் அனைத்தும் கடைசி வரை பச்சையிலேயே இருந்தன.

அவுட்லெட் எண்ணை நம்புவது

செங்குத்தாகப் பொருத்தும் பி.டி.யூ.வுக்கு மின்சாரம் கீழிருந்து வரும் இடங்களில், அதைத் தலைகீழாக மாட்டுவது உண்டு. திரையில் எழுத்துகளைத் திருப்பிக்கொள்ள முடியும். உடலில் அச்சிட்ட எண்கள் திரும்பாது. வரைபடத்தில் மேலிருந்து மூன்றாவது என்று இருப்பது அங்கே கீழிருந்து மூன்றாவதாகிவிடும். பி.டி.யூ.வின் இணையப் பக்கத்தில் ஒரு பெயரைச் சொடுக்கி, வேறொருவரின் டேட்டாபேஸை அணைத்தவர்கள் பலர். சர்வர்களை ஏற்றுவதற்கு முன்பு ஒரு சிறு விளக்கைச் செருகி, ஒவ்வோர் அவுட்லெட்டையும் தொலைவிலிருந்து அணைத்துப் பாருங்கள். பார்த்த கையோடு பெயரையும் பதிந்துவிடுங்கள். இரண்டு சப்ளை உள்ள சர்வரை மறுதொடக்கம் செய்ய இரு பி.டி.யூ.விலும் அணைக்க வேண்டும் என்பதால், அவ்விரு அவுட்லெட்டுகளுக்கும் ஒரே பெயர் இருப்பது நல்லது.

தானே தன் கதவைச் சாத்திக்கொள்வது

பி.டி.யூ.வை எட்டுவதற்கான நெட்வொர்க் ஸ்விட்ச் அதே பி.டி.யூ.வின் அவுட்லெட்டில் இருக்கக் கூடாது. வெளியிலிருந்து அந்த நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் வி.பி.என். கருவிக்கும் இதே விதிதான். இருந்தே ஆக வேண்டுமென்றால் அந்த அவுட்லெட்டைத் தொலைவிலிருந்து அணைக்க முடியாதபடி பூட்டிவையுங்கள்.

மின்சாரம் திரும்பும் தருணத்தை மறப்பது

மின்தடைக்குப் பின் அவுட்லெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெற்றால், பவர் சப்ளைகளின் தொடக்க மின்னோட்டம் ஒன்றுசேர்ந்து பிரேக்கரை விழவைத்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள் இடைவெளி கொடுத்து, ஸ்விட்ச், ஸ்டோரேஜ், சர்வர் என்ற வரிசையில் எழும்படி அமையுங்கள். முன்பிருந்த நிலைக்குத் திரும்பும் தேர்வா, எப்போதும் ஆன் ஆகும் தேர்வா என்பதையும் அவுட்லெட்வாரியாக முடிவு செய்யுங்கள். பழுதுக்காக அணைத்து வைத்த கருவி இரவில் தானாக எழுவதை யாரும் விரும்புவதில்லை.

தொழிற்சாலைக் கடவுச்சொல்

மாற்றுங்கள். மறையாக்கம் இல்லாமல் தொலைவிலிருந்து நுழையவிடும் டெல்நெட்டை மூடுங்கள்.

கருவிகளை நெட்வொர்க் வழியே கண்காணித்துக் கட்டுப்படுத்தும் எஸ்.என்.எம்.பி.யில், 'பிரைவேட்' என்ற பரவலாக அறியப்பட்ட சொல்லால் திறக்கும் எழுதும் அனுமதியை அப்படியே விட்டால், அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் ஒரே கட்டளையில் ரேக்கை அணைக்கலாம். எஸ்.என்.எம்.பி.யின் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். நிர்வாகப் போர்ட்டைத் தனி வி.லேனில் (மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட நெட்வொர்க் பகுதியில்) வையுங்கள்.

பி.டி.யூ.வில் இன்னொரு பி.டி.யூ.வைச் செருகுவது

வேண்டாம்.

பாதி நுழைந்த பிளக்

பவர் கேபிளின் பிளக் முழுமையாக நுழையாவிட்டாலும் சர்வர் ஓடும்; அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. தொடர்பு குறைந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி, பிறகு கருகும். ரேக் கதவைச் சாத்தும் முன்பு ஒவ்வொரு பிளக்கையும் விரலால் அழுத்திப் பாருங்கள். முடிந்தால் பூட்டும் வகைக் கேபிள்களை வாங்குங்கள்.

கடிகாரத்தை விட்டுவிடுவது

நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரத்தைப் பெறும் என்.டி.பி. வழியே நேரத்தை ஒத்திசைக்காத சில பி.டி.யூ.க்கள் ஒவ்வொரு மறுதொடக்கத்துக்குப் பிறகும் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணத் தொடங்கும். பிரேக்கர் விழுந்தது யு.பி.எஸ். மாறியதற்கு முன்பா பின்பா என்று பிறகு யாராவது கேட்டால், அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.