கடைசி பெஞ்சுக்கும் புரியும்படி சபை அறிவிப்பு எழுதுவது எப்படி?

நான் சபைச் செயலராகப் பொறுப்பேற்ற புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி வாசித்தேன்: "இன்று மாலை ஜெபக்கூட்டம் வழக்கம்போல் ஆசிரியர் இல்லத்தில் நடைபெறும்." அன்று இரவு ஆலய கேட்டைப் பூட்டப் போனபோது, சின்னப் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு லாட்ஜில் தங்கியிருப்பவர். "வாத்தியார் வீடுன்னு சொன்னீங்களே அண்ணா, யாரைக் கேட்டாலும் எந்த வாத்தியாருன்னு கேக்குறாங்க" என்றார். எங்கள் தெருவில் மட்டும் நாலு வாத்தியார்கள். கூட்டம் முடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

அந்த வாரத்திலிருந்துதான் அறிவிப்பு எழுத ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இப்போது புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: கேட்பவர் ஒருவரை மனதில் உட்கார வையுங்கள்

பேனாவை எடுக்கும் முன், கடைசி பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலூரில் அவரைக் கற்பனை செய்யவே வேண்டாம், எல்லா ஞாயிறும் உண்மையாகவே இருப்பார். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு தொடங்கிய வைத்தியம், இப்போதைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி, இன்று வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கோ இருந்து ஆட்களை இந்த ஊருக்கு வரவழைக்கிறது. நோயாளியின் கூட வந்தவர் மூன்று வாரம் இருப்பார், போய்விடுவார். கல்லூரிப் பிள்ளைகள் நாலு வருஷம் இருப்பார்கள். மாற்றலாகி வந்த குடும்பம் ஒன்று, பக்கத்து வீட்டுத் தோழி கூப்பிட்டதால் முதன்முறை ஆலயத்துக்குள் கால் வைக்கும் அக்கா ஒருவர்.

பழைய அங்கத்தினருக்கு அறிவிப்பு வெறும் ஞாபகமூட்டல். அவருக்கு இடமும் தெரியும், நேரமும் தெரியும். அறிவிப்பை முழுசாக நம்பி இருப்பவர் இந்தக் கடைசி பெஞ்சுக்காரர் மட்டும்தான். ஆகவே அவருக்காக எழுதுங்கள். மற்றவர்களுக்கும் அது போதும்.

இரண்டாம் படி: வெள்ளிக்கிழமைக்குள் செய்தி சேர்ப்பது

ஞாயிறு காலை பாடகர் குழு அணிவகுத்து நிற்கும்போது ஒருவர் ஓடிவந்து, பஸ் டிக்கெட் அளவு தாளைக் கையில் திணிப்பார். வாங்காதீர்கள். முதல் மாதம் முகம் சுளிப்பார்கள், மூன்றாம் மாதம் பழகிவிடும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி கெடு என்று சங்கச் செயலர்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். மரணச் செய்தி, அடக்க ஆராதனை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு.

செய்தி கொண்டுவருபவரிடம் என்ன, எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும், எங்கே, யார் வரலாம், ஏதாவது கொண்டுவர வேண்டுமா, காசு உண்டா என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். இதில் 'யார் வரலாம்' என்பதை யாருமே சொல்ல மாட்டார்கள். கேட்டால் "எல்லாரும்தான்" என்பார்கள். அதை எழுதாவிட்டால் புதியவர் தன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாம் படி: வாசிப்பதையும் ஒட்டுவதையும் பிரிப்பது

கமிட்டிக் கூட்டம், கணக்கு ஒப்படைப்பு, பாடகர் குழு ஒத்திகை எல்லாம் பத்துப் பேருக்கான செய்தி. அதை இருநூறு பேர் கேட்க வேண்டியதில்லை. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், பலகையில் ஒட்டுங்கள். சபை முழுவதற்கும் உரியதை மட்டும் வாசியுங்கள். நான் ஐந்துக்கு மேல் போவதில்லை. ஆறாவது வந்தால் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைப் பலகைக்கு அனுப்புவேன்.

திருமண அறிவிப்பு இந்தக் கணக்கில் சேராது. அது சபை ஒழுங்கின்படி வாசிக்கிற வாசகம். அதில் ஒரு எழுத்தையும் நீங்கள் திருத்தக் கூடாது.

நான்காம் படி: எழுதுவது

இங்கேதான் வேலை. எங்கள் பழைய நோட்டில் இருக்கும் ஒரு அறிவிப்பைப் பாருங்கள்:

"பெ.ஐ.ச. மாதாந்தரக் கூட்டம் கர்த்தருக்குச் சித்தமானால் வருகிற சனிக்கிழமை வழக்கமான நேரத்தில் பொருளாளர் இல்லத்தில் நடைபெற இருப்பதால் அங்கத்தினர்கள் அனைவரும் தவறாது கலந்துகொண்டு கூட்டத்தைச் சிறப்பிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

ஒரே வாக்கியம். மைக்கில் கேட்க கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக வந்த பெண் இதைக் கேட்டு எங்கே போவார்? பெ.ஐ.ச. என்றால் என்ன என்றே தெரியாது, பொருளாளர் யாரென்று தெரியாது. அதையே இப்படி மாற்றினோம்:

"நம் சபைப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபிக்கும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் வருகிற சனிக்கிழமை, 14ஆம் தேதி, மாலை 5 மணிக்கு நடக்கும். ஒரு மணி நேரக் கூட்டம். இடம், ஆலயத்துக்குப் பின்தெருவில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள பச்சை கேட் வீடு. புதிதாக வந்திருக்கும் சகோதரிகளும் வரலாம். வழி தெரியாதவர்கள் 4.45-க்கு ஆலய வாசலுக்கு வந்தால் கூட்டிப்போக ஒருவர் நிற்பார்."

வாக்கியம் கூடியிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிகிறது. கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டால், நிற்பதற்கு உண்மையிலேயே ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் என் கதைதான்.

'கர்த்தருக்குச் சித்தமானால்' என்பதை நான் தூக்கிவிட்டேன் என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு; யாக்கோபு 4:15-இல் இருந்து வந்த வழக்கம் அது. அதே சமயம், முதல் தடவை வந்திருந்த ஒருவர் "அப்ப கூட்டம் இருக்கா, இல்லையா?" என்று என்னைக் கேட்டதும் உண்டு. இப்போது அறிவிப்புகளின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை, "கர்த்தருக்குச் சித்தமானால் இந்த வாரம் நடைபெற இருப்பவை" என்று சொல்கிறேன். பெரியவருக்கும் திருப்தி.

இடம் எழுதும்போது வேலூருக்கென்றே சில கண்ணிகள் இருக்கின்றன. 'பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்' என்று எழுதவே எழுதாதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டா, புது பஸ் ஸ்டாண்டா? 'சி.எம்.சி.யில் நோயாளிகளைச் சந்திக்கப் போகிறோம்' என்றால் டவுன் ஆஸ்பத்திரியா, பாகாயமா, 2022 முதல் இயங்கும் ராணிப்பேட்டை வளாகமா? 'ஸ்டேஷனில் கூடுவோம்' என்றால் வெளியூர்க்காரர் காட்பாடி என்று நினைப்பார். நீங்கள் ஊருக்குள் இருக்கும் கண்டோன்மென்ட் ஸ்டேஷனைச் சொல்லியிருப்பீர்கள். முகவரியிலும் இதே சங்கடம். 1989-இல் வடஆற்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மாவட்டமே மூன்றானது. ஆற்காட்டிலோ வாலாஜாவிலோ நடக்கும் கன்வென்ஷனுக்குப் பழைய நோட்டீசைப் பார்த்து 'வேலூர் மாவட்டம்' என்று அச்சடித்தால், இன்று அது ராணிப்பேட்டை மாவட்டம்.

அடுத்து, நமக்கு மட்டும் பழகிய சொற்கள். ஆராதனை, பூசை, மீட்டிங் என்று ஒவ்வொருவர் வாயில் ஒவ்வொன்று. கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவர் "பூசை எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்பார். திருத்த வேண்டாம், நேரத்தைச் சொல்லுங்கள். வி.பி.எஸ். என்று போடாமல் 'பிள்ளைகளுக்கான மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி' என்று எழுதுங்கள். 'பாமாலை', 'கீர்த்தனை' என்று எண் மட்டும் சொன்னால் எந்தப் புத்தகம், அது எங்கே இருக்கிறது என்று புதியவர் பக்கத்து ஆளின் மடியை எட்டிப் பார்ப்பார். "புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்" என்று பாட்டுக்கு முன்பே சொல்லிவிடலாம்.

அறுப்பின் பண்டிகை அறிவிப்புதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் விளக்க நிறைய இருக்கிறது. "அறுப்பின் பண்டிகை கொண்டாடப்படும், ஏலம் உண்டு" என்று மட்டும் முன்பு சொல்லிக்கொண்டிருந்தோம். அறியாதவருக்கு ஆலயத்தில் ஏலம் என்றால் பகீரென்று இருக்காதா? இப்போது சொல்வது: "விளைச்சலுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லும் நாள் இது. நெல், மல்லாட்டை, பூசணி, கோழி, வீட்டில் செய்த பலகாரம் என்று அவரவரால் முடிந்ததைப் பீடத்துக்கு முன் வைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவோம். வரும் பணம் சபை ஊழியத்துக்கு. ஏலம் கேட்பது அவரவர் விருப்பம், வேடிக்கை பார்க்கவும் வரலாம். பிறகு அன்பின் விருந்து. அதற்கு டோக்கன் கிடையாது, எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்." இப்படி வாசித்த ஆண்டு, ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த ஒருவர், பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, ஒரு கூடை இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை ஏலத்தில் எடுத்துவிட்டார். லாட்ஜில் அதைச் சமைத்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

'டோக்கன் கிடையாது' என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். சாப்பாடு என்று கேட்டதும் புதியவர் நைசாக நழுவிவிடுவார், காசு கொடுக்க வேண்டுமோ, சபையாருக்கு மட்டுமோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: வரவேற்பு வரிகள்

"இன்று புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து நின்று பெயரைச் சொல்லுங்கள்" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அன்பில்தான் சொல்கிறோம், தெரியும். ஆனால் நேற்றுத்தான் பயாப்சி ரிப்போர்ட் வாங்கியவருக்கு இருநூறு கண்கள் திரும்பிப் பார்ப்பது எப்படி இருக்கும்? நாங்கள் வாசிப்பது இவ்வளவுதான்:

"முதன்முறையாக வந்திருப்பவர்களுக்கு எங்கள் அன்பின் வாழ்த்துகள். ஆராதனை பத்து மணி அளவில் முடியும். காணிக்கைப் பை வரும்போது விரும்பினால் போடலாம், அடுத்தவரிடம் கொடுத்துவிட்டாலும் சரி. முடிந்ததும் வேப்பமரத்தடியில் டீ உண்டு. நீல பேட்ஜ் போட்டவர்களிடம் எதையும் கேட்கலாம்."

அப்பமும் திராட்சரசமும் பெற்றுக்கொள்ளும் திருவிருந்து உள்ள ஞாயிறு இன்னும் ஒன்று சேரும். யார் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்பதை நீங்களாக எழுதாதீர்கள், ஆயரிடம் கேட்டு அவர் சொல்லும் சொற்களையே எழுதுங்கள். அதன்பின் "மற்றவர்கள் இருந்த இடத்திலேயே அமர்ந்து ஜெபிக்கலாம்" என்று சேருங்கள். வரிசை நகரும்போது எழுவதா இருப்பதா என்று தவிப்பவருக்கு இந்த வரி பெரிய உதவி. கிராமத்துச் சபையாக இருந்தால் செருப்பை எங்கே விடுவது, பாயில் ஆண்கள் எந்தப் பக்கம், பெண்கள் எந்தப் பக்கம் என்பதை வாசலிலேயே ஒருவர் சொல்லட்டும்; மைக்கில் வேண்டாம்.

தமிழ் தெரியாதவர்களுக்கு, இங்கிலீஷ் ஆராதனை பக்கத்தில் எங்கே, எத்தனை மணிக்கு என்று பலகையில் இங்கிலீஷிலும் இந்தியிலும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: ஜெப விண்ணப்பம்

நோயாளிக்காக ஜெபிக்கச் சொல்லும்போது பெயரோ நோயோ வாசிக்கும் முன் குடும்பத்தாரிடம் கேளுங்கள். லாட்ஜ் பெயர், வார்டு எண் எதுவும் வேண்டாம். "மருத்துவமனையில் இருக்கும் ஒரு சகோதரருக்காக" என்றால் போதும்.

ஏழாம் படி: வாசித்துப் பார்ப்பது

சனிக்கிழமை இரவு வீட்டில் யாரிடமாவது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எனக்கு என் மகள்தான் சோதனை. முடித்ததும் "எங்கே, எப்போ?" என்று கேட்பேன், அவள் விழித்தால் திருத்துவேன். நேரத்தையும் தேதியையும் இரண்டு முறை நிதானமாகச் சொல்லுங்கள். போன் எண்ணை மைக்கில் வாசிக்கவே வேண்டாம், பத்து இலக்கத்தையும் யாரும் எழுதிக்கொள்வதில்லை. பலகையில் இருக்கிறது என்றால் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

எட்டாம் படி: வாட்ஸ்அப்பும் பலகையும்

வாசித்த அதே வாசகத்தையே அனுப்புங்கள். ஆனால் 'இன்று', 'நாளை', 'வருகிற சனிக்கிழமை' என்பதையெல்லாம் தேதியாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். நம் செய்தி பார்வர்டு ஆகி மூன்று நாள் கழித்துத்தான் யாரோ ஒருவர் கைக்குப் போகும். "நாளை காலை உபவாச ஜெபம்" என்பதை நம்பி ஒரு பாட்டி சாப்பிடாமல் பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போன கதை எங்கள் சபையில் உண்டு. அதுவும் நான் அனுப்பியதுதான்.

பலகையில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி இல்லாமல் இரண்டடி தள்ளி நின்று படிக்க முடிய வேண்டும். மே மாத வெயிலில் இங்க்ஜெட் பிரிண்ட் பத்து நாளில் வெளுத்துவிடும், ஆகவே நிழலான பக்கத்தில் ஒட்டுங்கள். நிகழ்ச்சி முடிந்த மறுநாளே தாளைக் கிழித்துவிடுங்கள். போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் கீதபவனி நேரம் ஜூன் மாதம் வரை எங்கள் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த கல்லூரிப் பையன் ஒருவன் இந்த ஆலயத்தில் இப்போது ஆராதனை நடக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறான்.