உடல்நல ஏற்றத்தாழ்வை அளக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் களப்பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களை இரவில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். விவசாயக் கூலித் தொழிலாளர்கள் வாழும் ஒரு தெருவில், அடுத்தடுத்த பதினொரு வீடுகளிலும் பெண்களுக்கான கட்டத்தில் ‘நோய் ஏதும் இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து யாருடையதோ, தவறு பதினேழு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு.

விடுபட்ட கட்டங்கள், தப்பாக எழுதிய வயது, இரண்டு முறை பதிவான வீடு ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை மேற்பார்வையாளர் மறுநாளே கண்டுபிடித்துத் திட்டிவிடுவார். யார் கண்ணிலும் படாமல் அறிக்கை வரை போய்ச் சேருகிற தவறுகளே என் கவலை.

‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பதை அப்படியே எழுதிக்கொள்வது

‘கடந்த 15 நாட்களில் உங்களுக்கு உடல்நலக் குறைவு ஏதேனும் ஏற்பட்டதா?’ என்பது அன்று எங்கள் படிவத்தில் இருந்த கேள்வி. மத்திய அரசு வீடு வீடாக நடத்தும் தேசிய மாதிரி ஆய்வும் இதே 15 நாள் கணக்கைத்தான் வைத்திருக்கிறது என்பதால், அதில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நடவு முடித்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டே, ‘எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்’ என்றார். நான் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவரோ இரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் தேய்மானம் என மூன்று நோய்களை மருந்துச் சீட்டுடன் எடுத்துக் காட்டினார். இப்படியே முந்நூறு வீடுகள் முடிந்தன. தொகுத்துப் பார்த்தபோது ஆண்களைவிடப் பெண்களும், கடைக்காரர்களைவிடக் கூலித் தொழிலாளர்களும் நலமாக இருப்பதாகக் கணக்கு வந்தது. அதை நான் அட்டவணையாக்கியதோடு நிற்காமல், உழைப்பு உடம்பைக் காக்கிறது என்று ஒரு பத்தி விளக்கமும் எழுதினேன். இன்றைக்கும் அந்தப் பத்தியை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சில வாரங்கள் கழித்து அதே ஊரில் நடந்த மருத்துவ முகாமில் அந்தப் பெண்ணைப் பரிசோதித்தார்கள். கருவுறாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகை; அவருக்கு 7-ஐச் சற்றே தாண்டியிருந்தது. நடவின்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றும், தீட்டு பத்து நாள் வரை நிற்பதில்லை என்றும் மருத்துவரிடம் சொன்னார். ‘அன்னைக்கு இதை ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?’ என்று கேட்டேன். ‘நீங்க நோயைத்தானே கேட்டீங்க’ என்றார்.

நாள் கூலிக்குப் போகிறவருக்கு எழுந்திருக்க முடியாமல் படுப்பதுதான் நோய். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், அந்த எல்லை அவருக்கு நம்மைவிட வெகு தொலைவில் இருக்கிறது. அசதி, கிறுகிறுப்பு, இடுப்பு வலி எல்லாம் பெண்ணாய்ப் பிறந்தால் உள்ளவை என்று அம்மாவும் மாமியாரும் சொல்லிக் கேட்டு வளர்ந்தவருக்கு, அவற்றை முறையிடலாம் என்பதே தெரியாது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் யாரேனும் சோதித்துச் சொன்னால்தான் தெரியவரும். சோதிக்காதவர் ‘இல்லை’ என்று சொல்வது பொய்யுமல்ல. நோயை அளப்பதாக நினைத்துக்கொண்டு, மருத்துவரை எட்ட முடிந்தவர்கள் யார் என்பதைத்தான் நான் அளந்து வந்திருந்தேன்.

இந்தப் பொறி பழையது. வங்காளப் பஞ்சத்துக்கு மறு ஆண்டான 1944-இல், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தமக்கு நோய் உண்டு அல்லது உடல்நிலை சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. அந்தக் கால வங்காளத்தில் விதவைகள் உண்டதையும் உடுத்ததையும் அறிந்த எவரும் அவர்கள் நலமாக இருந்தார்கள் என்று நம்ப மாட்டார்கள். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியிருக்கிறார். மாநிலங்களை ஒப்பிட்டாலும் இதே வேடிக்கைதான்: நீண்ட ஆயுள் கொண்ட கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்வோர் மிக அதிகம், பீகாரில் மிகக் குறைவு. ஆனால் சொல்லைக் கேட்காமல் விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்த்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21), 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. என் அட்டவணை எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் அடுத்து நடந்ததில் இருக்கிறது. நான் தவறை உணர்வதற்குள் அந்த அட்டவணை ஓர் அலுவலகத்தைச் சென்றடைந்து, பெண்களுக்கென அந்த வட்டாரத்தில் திட்டமிட்டிருந்த மாதாந்திர முகாம் ‘தேவை இல்லை’ என்று தள்ளிவைக்கப்பட்டிருந்தது. முந்நூறு வீடுகளுக்கும் மறுபடி போக நான்கு மாதங்களும், அடுத்த ஆய்வுக்கென வைத்திருந்த பணம் முழுவதும் செலவாயின. தள்ளிவைத்த முகாம் திரும்பி வரவில்லை.

இப்போது நான் ‘நோய்’ என்ற சொல்லைக் கடைசியில்தான் பயன்படுத்துகிறேன். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, உட்கார்ந்து எழும்போது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா, வலியோடு வேலைக்குப் போன நாட்கள் எத்தனை என்று செயலைக் கேட்கிறேன். ‘சர்க்கரை இருக்கிறதா’ என்பதற்கு முன் ‘எப்போதாவது சோதித்ததுண்டா’ என்று கேட்கிறேன். சோதித்ததுண்டா என்ற கேள்வி இல்லாத படிவத்தைக் கொண்டு ஆண்டுகளை ஒப்பிடவும் கூடாது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வீடு தேடி வந்து சோதிக்கத் தொடங்கிய பிறகு, தமக்கு இரத்த அழுத்தம் உண்டு என்று அறிந்தவர்கள் கூடினால், அதை நோய் பெருகிவிட்டதாக எழுதிவிடுவீர்கள்.

மனைவிக்கான பதிலைக் கணவரிடம் வாங்குவது

வேண்டாம். மனைவி வீட்டில் இல்லையென்றால் மறுநாள் போங்கள்.

தொலைக்காட்சிப் பெட்டியை எண்ணி வர்க்கத்தை முடிவு செய்வது

வருமானத்தைக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பதால், வீட்டிலுள்ள பொருட்களை எண்ணிக் குடும்பங்களை ஐந்து படிகளாகப் பிரிக்கும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. அது நல்ல முறைதான். ஆனால் வேறிடத்தில் தயாரித்த பட்டியலை இங்கே கொண்டுவந்து அப்படியே பயன்படுத்துகிறவர்கள், 2006-க்குப் பின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும் 2011-க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அரசு கொடுத்ததை மறந்துவிடுகிறார்கள். ஓலைக் கூரையின் கீழ் அந்த நான்கும் இருந்த வீட்டை நடுத்தர வர்க்கம் என்று எழுதிய படிவம் என்னிடம் இன்னும் இருக்கிறது. நிலம், கூரை, கழிப்பறை, கடனுக்குக் கட்டும் வட்டி ஆகியவற்றைக் கேட்டால் படிகள் வேறு மாதிரி வரும்.

கோயில் வாசலிலிருந்து கணக்கெடுப்பைத் தொடங்குவது

பேருந்து நிற்கும் இடமும் கோயிலும் ஊருக்குள் இருக்கும். தலித் மக்களின் குடியிருப்பு பெரும்பாலும் ஊருக்கு வெளியே, வாய்க்காலையோ வயலையோ தாண்டி இருக்கும். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று நடுவிலிருந்து எண்ணிக்கொண்டே போகிறவர், அங்கே போய்ச் சேருவதற்குள் அன்றைய எண்ணிக்கையை முடித்துவிடுவார். முதலில் எல்லா வீடுகளையும் பட்டியலிடுங்கள், பிறகு மாதிரியை எடுங்கள்.

ஏற்றத்தாழ்வு என்றால் ஏழைகள் மட்டுமே என்று நினைப்பது

1967-இல் தொடங்கிய வொயிட்ஹால் ஆய்வு, பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. அவர்களில் பட்டினி கிடந்தவர் யாருமில்லை. ஆனாலும் பதவியில் ஒரு படி இறங்க இறங்க இறப்பும் படிப்படியாகக் கூடியது. ஆகவே ‘ஏழை’, ‘மற்றவர்’ என்று இரண்டே கட்டம் போடாதீர்கள். அந்த முதல் ஆய்வு ஆண்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்களைச் சேர்த்தது 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வுதான்.

கருவி பாகுபாடு பார்க்காது என்று நம்புவது

சொல்லை நம்பாதே என்று நான் சொல்லக் கேட்டவர்கள் அடுத்து விழும் குழி இது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி, கருப்பின நோயாளிகளுக்கு உண்மையைவிட அதிகமாகக் காட்டிவிடுவதை 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். கருவியால் கண்டறிய முடியாத ஆக்சிஜன் குறைவு, வெள்ளையர்களைவிட அவர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. கருவியை வாங்கும்போது, எந்தத் தோல் நிறத்தவரிடம் சோதித்தது என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

மாவட்டச் சராசரியை மட்டும் வெளியிடுவது

அந்தத் தெருவின் பதினொரு ‘நோய் ஏதும் இல்லை’ சராசரிக்குள் காணாமல் போய்விடும்.